மழை வராதுங்க மேடம்

முன்னாடி சீட்டுலயே உக்காருங்க சார். அந்தக் கேமராப் பைய மடியிலயே வெச்சுக்குங்க, பின்னாடி போட்டா ரோட்டுக் குழியெல்லாம் அது தலையிலதான் விடியும். பெல்ட்டு மாட்டிக்குங்க. போலாங்களா.

பெலிசிட்டா மேடம்தான உங்களுக்கு என் நம்பர் குடுத்தாங்க? போன்லயே தெரிஞ்சுக்கிட்டனுங்க. "நீங்கதான் அந்தச் சென்னியப்பனா"ன்னு கேட்டீங்க பாருங்க, அந்த "அந்த"லயே புரிஞ்சு போச்சு. என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? சிரிச்சாங்களா? சிரிக்கட்டுங்க. நல்ல மனசுக்காரங்க. இந்தப் பதினெட்டு வருச ஓட்டத்துல எம் பேச்ச மதிச்சு நடந்த ஒரே ஆளு அவங்கதானுங்க.

உடுமலை போய்ச் சேர எப்படியும் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். சொல்றேன், கேளுங்க.

எனக்கு ஊரு பெதப்பம்பட்டிங்க. சொந்த வண்டி. கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், இந்த நாலு மூலைக்குள்ளயேதான் பொழப்பு. வண்டி ஓட்டறவன் ஆயிரம் பேரு இருக்கான். எங்கிட்ட எச்சா ஒண்ணு இருக்குதுங்க. வானம். மேக்கால பாலக்காட்டுக் கணவாயில இருந்து காத்து வருது பாருங்க, அத ஒரு இழுப்பு இழுத்தன்னா, மழை வருமா வராதான்னு சொல்லிப்போடுவேன். படிச்சு வர்றதில்லைங்க இது. மூக்குல இருக்கோணும்.

எங்க பெரியம்மா மகன் கல்யாணத்துல நாந்தான் சொன்னேன், பந்தல் எதுக்கு, மழை வராது, செலவக் கொறைங்கடான்னு. முகூர்த்தத்துக்குப் பேய்ஞ்சுது பாருங்க, மாப்பிள்ளையோட தலப்பாச் சாயம் பொண்ணு மேல ஒழுகி, ரெண்டு பேரும் ஒரே கலராப் போயிட்டாங்க. அதுக்கு நா என்னங்க பண்ணட்டும். நா சொன்னது சரிதான். அன்னைக்கு மேகந்தான் தப்புப் பண்ணிப்போடுச்சு.

சரி, மேடம் கதைக்கு வர்றேன்.

போன வருசம் ஆடி மாசமுங்க. ஸ்டேசன்ல போயிக் கூட்டிட்டு வந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரங்க, இருக்கறது மெட்ராசுல. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைய விட்டுப்போட்டுப் போட்டோ எடுக்க வந்துட்டாங்க. இதுதான் மொத வேலைன்னாங்க. மெட்ராசுல ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில புதுசாக் கட்டடம் கட்டறாங்களாம். அங்க ஏழு செவுத்துக்கு ஏழு படம். ஒவ்வொண்ணும் ஆள் ஒசரத்துக்கு மேல. படத்துல மண்ணும் வானமுந்தான் இருக்கோணும், மரமோ காத்தாலையோ இருந்தாப் பரவால்ல. மனுசன் கூடாது, மாடு கூடாது, வண்டி கூடாது.

"அதென்னங்க மேடம், ஒருத்தருமே இல்லாத படம்? பாக்கறவனுக்குப் பயமா இருக்காதுங்களா? ஓரத்துல ஒரு ஆளையாவது நிறுத்திக்கலாமுங்க"ன்னேன். சும்மாதான் சொன்னேன். அன்னைக்கு நா புதுச் சட்டை போட்டிருந்தேன், அது வேற விசயம்.

"வேண்டாம்ணே"ன்னுட்டாங்க.

அதுல ஏழாவது படந்தான் பெருசு. ஆபரேசன் தியேட்டர் கதவுக்கு எதுத்தாப்புல இருக்கற செவுரு. உள்ள ஆள அனுப்பிப்போட்டு வெளிய சொந்தக்காரங்க உக்காந்திருப்பாங்கல்ல, அவங்க கண்ணு பூராவும் அந்தச் செவுத்துமேலதான் இருக்கும். அதனால பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம், ஒரே வானத்துல மழையும் இருக்கோணும், வெயிலும் இருக்கோணும்னு. அந்தப் படம் அமையலீன்னா மத்த ஆறும் வேண்டாமுன்னு வேற. நாலு நாள் டைம். நாலாம் நாள் ராத்திரி ரயிலேறிடோணும்.

"கவலைப்படாதீங்க மேடம்"னேன். "வெயில் எப்ப, மழை எப்பன்னு நா சொல்றேன். நீங்க பட்டன அமுக்குனாப் போதும்."

மொத நாள் பூளவாடிப் பக்கம் காத்தாலைக் காட்டுக்குப் போனமுங்க. வானத்தப் பாத்தேன், ஒரு இழுப்பு இழுத்தேன். "ரெண்டு மணி நேரத்துக்கு வெயில் உறுதிங்க"ன்னேன். அவங்களும் நம்பி, மூணு கால் ஸ்டாண்டத் தோள்ல போட்டுட்டு, கரிசக் காட்டுக்குள்ள அரைக் கிலோமீட்டர் நடந்து போயி நிறுத்துனாங்க. அஞ்சே நிமிசம். கொட்டுச்சு பாருங்க.

நா பாத்துட்டு நிக்க முடியுங்களா? வண்டியில இருந்த பெரிய குடைய எடுத்துட்டு ஓடுனேன். சேத்துல செருப்புப் போச்சு, விடு கெடக்குதுன்னு ஓடுனேன். போயிக் கேமராவுக்குக் குடை புடிச்சேன். மேல புடிச்சாக் காத்து தூக்குது, அதனால கேமராவுக்கு முன்னாடி புடிச்சேன். அவங்க என்னமோ சொன்னாங்க, காத்துல கேக்கல. கெட்டியாப் புடிச்சுட்டு நின்னேன். அப்பறம் பாத்தா எல்லாப் படமும் கருகருன்னு வந்திருக்குது. கேமராவுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கறேன். வெலை கூடுன சாமான்ல அப்படித்தானுங்க.

"இனி இந்த மழை நிக்காதுங்க மேடம், ரூமுக்குப் போயிரலாம்"னேன். உடுமலைக்குத் திரும்பிட்டோம். லாட்ஜு வாசல்ல வண்டிய நிறுத்துறேன், வானம் தொறந்துக்கிச்சு. வந்த தெசையில, அதே காத்தாலைக் காட்டுக்கு மேல, இந்த முனைக்கும் அந்த முனைக்குமா வானவில்லு. மேடம் பின்கண்ணாடி வழியாப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்க. எனக்குப் பாவமாப் போச்சு. "தூரத்துல இருந்து பாத்தாத்தானுங்க வானவில்லுக்கு அழகு"ன்னு ஆறுதல் சொன்னேன்.

ரெண்டாம் நாள் அமராவதி அணைப் பக்கம். அன்னைக்கு அவங்க எங்கிட்டக் கேக்கல. போன்லயே வானிலை பாத்தாங்க. "நாப்பது சதவீதம் மழைன்னு போட்டிருக்குண்ணே."

"நாப்பதுன்னா என்னங்க மேடம், ஒரு பக்கத்துத் தோள்ல மட்டும் பேயுமா?"

எறங்கறப்ப ஒண்ணு மட்டும் சொன்னாங்க, "அண்ணே, கேமரா பாக்குற பக்கம் நீங்க தெரியக் கூடாது. எங்கயாச்சும் மறஞ்சு நின்னுக்கோங்க"ன்னு. சரிங்கன்னேன். மறைய எடம் வேணுமில்லங்களா? அந்தப் பொட்டல்ல ஒரே ஒரு வேல மரந்தான் நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி போயி நின்னேன். ரெண்டு மணி நேரம், கொசுக் கடியோட, அசையல. ஒரு சிப்பாயி நிக்கற மாதிரி நின்னேன் சார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில லேப்டாப்புல போட்டுப் பெருசு பண்ணிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் ஒரே எடத்தப் பாத்தாங்க.

"அண்ணே, இந்த மரத்துக்கு எதுக்கு வேட்டி கட்டியிருக்காங்க?"

நானும் எட்டிப் பாத்தேன். "அது என் வேட்டிங்க மேடம். ஆடிக் காத்து, அடங்கல."

"இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குறது?"

"முழங்கைங்க. கொசு அடிச்சேன்."

முப்பத்திரெண்டு படத்துலயும் இருக்கறனுங்க. அவங்க அந்த ஒரு மரத்தப் படம் எடுக்கத்தான் அம்மாந் தூரம் வந்திருக்காங்கன்னு எனக்கு யாரு சொன்னா? "கோயில் மரம்னு சொல்லிப்போடுங்க மேடம், ஆஸ்பத்திரிக்குப் பொருத்தமாத்தான இருக்கும்"னு ஒரு ரோசனை சொன்னேன்.

அப்பத்தான் மேடம் கோவிச்சாங்க. நாலு நாள்ல அந்த ஒரு தடவைதான். "அண்ணே, இனிமே நீங்க காரை விட்டு எறங்கவே வேண்டாம். வாயையும் தொறக்க வேண்டாம்." சத்தம் போடலீங்க, மெதுவாத்தான் சொன்னாங்க. அதான் உறுத்துச்சு. அன்னைக்குப் பொழுதோட ரெண்டாவது புரோட்டா எனக்கு எறங்கலீங்க.

மூணாம் நாள் காலையில நா வாயத் தொறக்காமப் பொட்டாட்டம் வண்டி ஓட்டறேன். குடிமங்கலத்துல டீக்கடையில நிறுத்தச் சொன்னாங்க. ஒரு நோட்டப் பிரிச்சு எம் முன்னாடி வெச்சாங்க. நடுவுல ஒரு கோடு. அந்தப் பக்கம் நா சொன்னதெல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. இந்தப் பக்கம் வானம் பண்ணுனது.

"முந்தாநாள் காலையில என்ன சொன்னீங்க?"

"வெயிலுன்னு."

"என்ன ஆச்சு?"

"மழை பேய்ஞ்சுதுங்க. ஆனா அது வெயில்கால மழைங்க மேடம்."

"நேத்து அணையில? நான் கேக்காமலே சொன்னீங்களே?"

"இன்னிக்குப் பூராவும் மோடம், சூரியனே தெரியாதுன்னு. சித்த வெயில் அடிச்சுது. ஒத்துக்கறேன்."

"சித்த இல்லண்ணே. எனக்கு மூக்கு உரிஞ்சிருச்சு. மொத்தம் பதினொண்ணு சொல்லியிருக்கீங்க. பதினொண்ணும்..." அப்படியே நிறுத்திப்போட்டு என்னையே பாத்தாங்க. கோயில்ல தெரைய வெலக்குனதும் ஒரு பார்வை பாப்பாங்கல்லங்க, அந்த மாதிரி. டீ ஆறுது, குடிக்கல.

"பதினொண்ணா"ன்னு கேட்டேன். நானே எண்ணி வெச்சதில்லை பாருங்க. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

"அண்ணே, நேத்துச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. இன்னிக்கு நீங்க பேசணும். நான் கேக்குறப்பல்லாம் மனசுல பட்டத அப்படியே சொல்லணும். யோசிக்கக் கூடாது, மாத்தக் கூடாது. செய்வீங்களா?"

உடனே தலைய ஆட்டுனேன் சார். மூக்க நம்பற ஒரு ஆளக் கண்டுட்டேன்.

அன்னைக்கு ஒரே நாள்ல ஆறு படமுங்க. திருமூர்த்தி மலை அடிவாரத்துல பனி மூடியிருக்குது. "விலகுமாண்ணே?" "விலகாதுங்க, மத்தியானம் ஆயிரும்." உடனே ஸ்டாண்ட நட்டுட்டாங்க. பத்து நிமிசத்துல விலகிருச்சு, எடுத்தாங்க. அணைக்கு மேக்கால கறுத்துட்டு வருது. "வருமாண்ணே?" "இந்தப் பக்கமே வராதுங்க." உடனே கேமராவுக்கு உறைய மாட்டுனாங்க. வந்துச்சு, அதையும் எடுத்தாங்க. ஒண்ணு கவனிச்சனுங்க. நா சொல்றது அவங்க காதுல சரியா விழறதில்லை. காத்துச் சத்தம். நா ஒண்ணு சொல்ல, அவங்களுக்கு வேற என்னமோ கேக்குது, அதுக்குத் தகுந்த மாதிரி செய்யறாங்க. திருத்தலாமுன்னுதான் பாத்தேன். பாவம், அவ்வளவு சந்தோசமா இருக்காங்க, எதுக்குன்னு விட்டுட்டேன்.

இனித்தான் விசயமே இருக்குது. நாலாம் நாளு.

அந்த ஏழாவது படம் பாக்கி. மறுபடியும் பூளவாடிக் காத்தாலைக் காட்டுக்கே போனோம். காலையில "அடைமழைதானுங்க"ன்னேன், வெயில் கொளுத்துச்சு. மத்தியானம் "வெயிலு தாங்காதுங்க"ன்னேன், மோடம் போட்டுச்சு. மழையும் வெயிலும் சேர்ந்தாப்புல வரவே இல்ல. மணி நாலாச்சு. ஆறு மணிக்குக் கெளம்புனாத்தான் கோயமுத்தூர்ல ரயிலப் புடிக்க முடியும். வானம் சும்மா சாம்பல் பூசுன மாதிரி கெடக்குது. மேடம் வண்டி பானட்டு மேல சாஞ்சு நிக்கறாங்க. மூணு நாளாத் தூங்காத மூஞ்சி. "இது அமையலேன்னா திரும்ப அந்தக் கம்பெனிக்கே போயி நிக்கணும்ணே"ன்னாங்க. எனக்குச் சொல்லலீங்க, தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க.

அப்பறமா என்னப் பாத்துக் கேட்டாங்க. "அண்ணே, மழை வருமா?"

நா மேக்கால பாத்து இழுத்தேன். சுத்தமா இல்ல சார். ஒரு பொட்டு வாசம் இல்ல. வராது, நிச்சயமா வராது. ஆனா அந்த மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது? எனக்கு மனசு கேக்கல. வாழ்க்கையில மொத தடவையா வானத்தப் பத்திப் பொய் சொன்னேன்.

"வருமுங்க மேடம்"னேன். "கட்டாயம் வரும்."

நா என்னமோ மூஞ்சி மலரும்னு பாத்தா, அப்படியே வாடிப் போச்சு. "அப்படியா"ன்னாங்க. அவ்வளவுதான். ஸ்டாண்ட மடக்குனாங்க. லென்சக் கழட்டிப் பைக்குள்ள வெச்சாங்க. ஜிப்ப இழுத்தாங்க. "போகலாம்ணே"ன்னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியலீங்க. மழை வேணும்னுதான நிக்கறாங்க. வரும்னு சொன்னா எதுக்கு மூட்டை கட்டறாங்க? வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன், கியரும் போட்டுட்டேன். ஆனாக் கால எடுக்க வரமாட்டேங்குது. நெஞ்சு அறுக்குது. என் பொய்ய அந்தம்மா கண்டுபுடிச்சிருச்சு, அதான் மனசு விட்டுப்போச்சுன்னு தோணுச்சு. இத்தன வருசமாக் காப்பாத்துன பேரு. வண்டிய ஆப் பண்ணிப்போட்டேன்.

"மேடம், மன்னிச்சுக்கோணும். நா பொய் சொல்லிப்போட்டேன். உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு சொன்னேன். நெசத்தச் சொல்லிடறேன். மழை வராதுங்க."

வெடுக்குன்னு திரும்புனாங்க. "என்ன சொன்னீங்க?"

"வராதுங்க மேடம். நாளைக்கும் வராது. ஒரு சொட்டு வராது."

"நெசமாவா? மனசுல பட்டது அதுதானா?"

"என் வண்டி மேல சத்தியமுங்க."

"வெயிலு? இந்த மேகம் கிழிஞ்சு வெயில் வருமா?"

"எங்கீங்க மேடம். இனி இன்னைக்குச் சூரியனையே பாக்க முடியாது."

சார், கெட்ட சேதி சொல்லி ஒருத்தரு அம்மாஞ் சந்தோசப்பட்டு நா பாத்ததில்ல. எங் கைய ரெண்டையும் புடிச்சு ஒரு குலுக்கு. "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்"னு சொல்லிப்போட்டுப் பைய எடுத்துட்டு ஓடுனாங்க. நேர்மைன்னு ஒண்ணு இருக்குது பாருங்க. நல்லதோ கெட்டதோ, உண்மையச் சொல்லிட்டா மனுசங்களுக்கு அது போதும்.

நா வண்டிய விட்டு எறங்கல. சொன்ன சொல்லு. கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருந்தேன். ஸ்டாண்ட நட்டாங்க. உறைய மாட்டுனாங்க. கருவியெல்லாம் தயார் பண்ணிப்போட்டு, ஒண்ணுமே இல்லாத வானத்தப் பாத்து நிக்கறாங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு. பித்துக் கித்துப் புடிச்சிருச்சோன்னுகூட நெனச்சேன்.

இருவது நிமிசம் இருக்கும். மேக்கால மலையில இருந்து, சாணி மெழுகுன மாதிரி ஒரு கறுப்பு எந்திரிச்சு வந்துச்சு. காத்து வண்டிய ஆட்டுது. காத்தாலை றெக்கையெல்லாம் ஒரே பக்கமாத் திரும்புது. அப்பறம் மழை. அடிச்சுச்சு சார். அந்த மழைக்கு நடுவுல, மேக்கால அடி வானத்துல, ஒரு வெரக்கடை அகலத்துக்கு மேகம் கிழிஞ்சுது. அதுல பூந்து வெயில் வந்து, ஈரக் கரிசல் பூராவும் தங்கத் தகடு மாதிரி ஆயிப் போச்சு. மேல கறுப்பு, கீழ தங்கம், நடுவுல வெள்ளை வெள்ளையாக் காத்தாலை. ஏழு நிமிசம் இருந்துச்சு. அப்பறம் போயிருச்சு.

மேடம் தொப்பலா நனஞ்சு வந்து உக்காந்தாங்க. சீட்டெல்லாம் தண்ணி. கண்ணு கலங்கியிருந்துச்சு. மழையில நனஞ்சதுக்காக அழுவறாங்களோன்னு துண்டக் குடுத்தேன்.

"எனக்கே எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலீங்க மேடம்"னேன். "இது நம்ம கணக்குல சேராத மழை."

"உங்கள மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லண்ணே"ன்னாங்க. கோயமுத்தூர் வர்ற வரைக்கும் அப்பப்பச் சிரிச்சுட்டே வந்தாங்க. களைப்புல வர்ற சிரிப்புங்க அது.

ரயிலப் புடிச்சுட்டாங்க. படமும் தேறிருச்சு. அந்தச் செவுத்துலதான் மாட்டியிருக்காங்களாம். படத்துக்குக் கீழ சின்ன எழுத்துல பேரு போட்டிருக்குது. படம்: பெலிசிட்டா. அதுக்குக் கீழ, வானிலை: பெதப்பம்பட்டி சென்னியப்பன். அத போட்டோப் புடிச்சு அனுப்பியிருந்தாங்க. அதுக்கப்பறந்தான் உங்கள மாதிரிக் கேமராக்காரங்க கூப்புட ஆரம்பிச்சது. வெளியூர்ல இருந்தெல்லாம் கேக்கறாங்க, அண்ணே நாளைக்கு எப்படின்னு. நானும் மறைக்காமச் சொல்லிடறேன்.

இந்தப் புளிய மரம் தாண்டுனா நம்மூரு எல்லைங்க. இன்னொண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். ஊட்டு விசயம்.

என் ஊட்டுக்காரி பேரு பூவாத்தா. தேங்காய் வாங்கி ஒடச்சுக் களத்துல காயவெச்சுக் கொப்பரைப் பருப்பு போடறவ. வெயிலும் மழையுந்தான் அவ தொழிலு. ஊட்டுக்குள்ள இப்படி ஒருத்தன வெச்சுட்டு, கட்டி வந்த இருவத்திரெண்டு வருசத்துல ஒரு நாள், ஒரு வார்த்தை, "மழை வருமாங்க"ன்னு என்னக் கேட்டதில்லைங்க. நானாச் சொன்னாலும் அந்தப் பக்கம் திரும்பிக்குவா. எனக்கு உள்ளுக்குள்ள அது ஒரு கொறைதான். வெளிய சொன்னதில்ல.

போன தையில மேடம் போன் பண்ணுனாங்க. எங்கிட்டப் பேசிப்போட்டு, அக்காகிட்டக் குடுங்கன்னாங்க. அரை மணி நேரம் பேசுனாங்க ரெண்டு பேரும். இவ முந்தானைய வாயில வெச்சுட்டுச் சிரிக்கறா, கண்ணுல தண்ணி வருது, செவுத்தப் புடிச்சுட்டு நிக்கறா. என்னடி சொன்னாங்கன்னா, ஒண்ணுமில்லங்கறா.

மறு நா காலையில காப்பியக் கொண்டாந்து கையில குடுத்தா. போகல. அங்கயே நின்னா. "ஏனுங், இன்னைக்கு மழை வருமுங்களா?"

காப்பி தளும்பிருச்சு சார்.

"வரும். பதினோரு மணிக்குள்ள வரும்"னேன். சரின்னு போயிக் களம் பூராவும் தேங்காயப் பரப்பிவிட்டா. அடுத்த நா வெயிலுன்னேன், தார்ப்பாயத் தூக்கிட்டு ஓடுனா. கேக்கறது என்னமோ கேக்கறா, செய்யறது அவ இஷ்டத்துக்குத்தான். மேடம் மாதிரியே இவளுக்கும் காதுல ஏதோ கோளாறோ என்னமோ. ஆனா இந்த வருசம் ஒரு பருப்புகூடப் பூஞ்சை புடிக்கலீங்க. அது அவ அதிர்ஷ்டம்.

அது கெடக்குதுங்க. அப்ப இருந்து ஒரு நாள் தவறாமக் கேக்கறா. காப்பியக் குடுத்துப்போட்டு, ரெண்டு கையவும் கட்டிக்கிட்டு, நா சொல்ற வரைக்கும் நகர மாட்டேங்கறா. நா வானத்தப் பாக்கறேன். அவ என்னயப் பாக்கறா.